தங்கள் நல்வரவை விரும்பும் ஆறுமுகநயினார்

காலை ஒன்பதே முக்காலுக்குச் செண்பகக்கனியின் கடிதம் ஏழாவது முறையாகத் திரும்பி வந்தது. திரையில் அதே சிவப்புப் பட்டை, அதே மரியாதையான வாசகம்: 'பெறுநரின் மன அமைதியைக் கருதி உங்கள் கடிதம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'

"ஒன் மன அமைதியில தீய வைக்க," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்தாள், ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து இதே வேலைதான்.

கடிதத்தில் இரண்டே வரிகள். 'வெயிலுமுத்து, உன் அப்பா ஆறுமுகநயினார் இன்று அதிகாலை தவறிவிட்டார். உடனே புறப்பட்டு வா.' இதில் எந்த எழுத்து யாருடைய மன அமைதியைக் கெடுத்தது என்று அவளுக்குப் புரியவில்லை. அதாவது, கெடுக்கத்தான் செய்யும். கெடுக்க வேண்டிய நேரத்தில் கெடுக்காமல் வேறு எப்போது கெடுப்பதாம்?

தூத்துக்குடி பீச் ரோட்டில், கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் அவளுக்குப் பத்தொன்பது வருடச் சர்வீஸ். கடலில் இருக்கும் ஆண்களுக்கு வீட்டுச் சேதியையும், வீட்டுக்கு அவர்கள் சேதியையும் கொண்டுசேர்ப்பது வேலை. பிள்ளை பிறந்தது, தங்கச்சி பாஸானது, மாடு கன்று போட்டது எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். வெயிலுமுத்துவின் கப்பல் இப்போது சிங்கப்பூரில் நின்று எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தது. நம் நேரத்துக்கு மதியம் இரண்டரை மணிக்கு அங்கிருந்து கிளம்பும். கிளம்பினால் அடுத்த கரை சிலி நாட்டில்தான், முப்பத்துநாலு நாள் கழித்து. இங்கே முத்தையாபுரத்தில் ஆறுமுகநயினார் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். கொள்ளி வைக்க ஒரே மகன். இரண்டரைக்குள் சேதி போனால் மகன் வருவான், போகாவிட்டால் அப்பாவின் முகத்தைப் பார்க்க மாட்டான். விஷயம் அவ்வளவுதான்.

போனைப் போட்டுப் பேசிவிடலாமே என்று கேட்பீர்கள். அந்தக் காலம் போய் ஆறு வருடம் ஆகிறது. பெற்ற தாயின் குரலை அப்படியே அச்சாக எடுத்து, 'எய்யா, ஆஸ்பத்திரியில கெடக்கேன், காசு அனுப்புய்யா' என்று அழுகிற மோசடிக்காரர்கள் ஊரை மொட்டையடித்தார்கள். அதன் பிறகுதான் சல்லடை வந்தது. கடல் தாண்டும் எந்தச் சேதியும் சல்லடை வழியாகத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பேச்சாக இருந்தால் அதை எழுத்தாக மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் விடும். நல்லதை உடனே கொடுக்கும், சந்தேகப்பட்டதை வாரம் ஒருமுறை பிரிக்கும் வாரக் கட்டுக்குள் போடும், கெட்டதை நிறுத்திவிடும். முதல் வாரம் ஒரு மோசடிக் கடிதம்கூட வராத சந்தோஷத்தில் ஆபீசில் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தவள் இதே செண்பகக்கனிதான்.

போன வருடம் ஞானப்பிரகாசம் என்கிற எஞ்சின் ரூம் ஆள் ஏழு மாதம் கழித்து ஊருக்கு வந்தான். அம்மாவுக்குக் காது கேட்கிற மிஷின் வாங்கி வந்திருந்தான். அம்மா போய் நாலு மாதம் ஆகியிருந்தது. செண்பகக்கனி பதினோரு கடிதம் அனுப்பியிருந்தாள், ஒன்றும் போகவில்லை. அந்த மிஷினை அவன் அவளுடைய மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. இன்னொரு பிள்ளை அப்படி இந்தப் படியை இறங்கக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

அதனால்தான் ஏழு முறை. 'தவறிவிட்டார்' என்பதை 'கவலைக்கிடம்' என்று மாற்றினாள். 'உடனே' என்ற சொல்லை எடுத்தாள். கேப்டனுக்கு அனுப்பினாள், கப்பல் கம்பெனிக்கு அனுப்பினாள். எல்லாம் சிவப்பு. ஒரு தடவை மட்டும், ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி உப்புச் சப்பில்லாமல் எழுதிப் பார்த்ததில் மஞ்சள் விழுந்தது. மஞ்சள் என்றால் வாரக் கட்டு, ஞாயிற்றுக்கிழமைதான் பிரிப்பார்கள். இன்றைக்குச் செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை கப்பல் நடுக்கடலில் இருக்கும்.

போன் அடித்தது. வெயிலுமுத்துவின் தங்கை முப்பிடாதி. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர், நிதானமான பெண். இன்றைக்கு அந்த நிதானம் குரலில் நூலிழையாக நின்றது.

"அக்கா, போயிட்டா?"

"இன்னும் இல்லம்மா. பாத்துக்கிட்டே இருக்கேன்."

"இங்க பெரியப்பா சாயந்தரமே தூக்கிரணும்ங்காவ. அவன் வாறது நிச்சயம்னா நாளைக்கு வரைக்கும் வைக்கலாம், இல்லன்னா சித்தப்பா மவன் கொள்ளி வைக்கட்டும்னு சொல்லுதாவ. நான் என்ன சொல்லக்கா?"

"ரெண்டரை மணி வரைக்கும் வாயத் தொறக்காத. நான் சொல்லுதேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கையில் ஒன்றும் இல்லை. சல்லடையின் புகார் எண்ணைப் போட்டாள். ஒன்பதை அழுத்து என்றது, நாலை அழுத்து என்றது, பிறகு நாற்பது நிமிடம் புல்லாங்குழல் வாசித்தது. இந்தப் புல்லாங்குழலை வாசித்தவன் மட்டும் கையில் கிடைத்தால் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, பதினொன்றரைக்கு ஒரு மனிதக் குரல் வந்தது.

"வணக்கம், பேரு தமீம். சென்னையிலேருந்து பேசறேன்."

அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் குறுக்கே பேசவில்லை. அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அக்கா தூத்துக்குடியா? எனக்குக் காயல்பட்டினம்," என்றான். குரல் கொஞ்சம் இளகியது. "இருங்க, கடிதத்த எடுத்துப் பாக்கறேன்... இது மோசடின்னு நிக்கலக்கா."

"பெறகு எதுக்கு நிக்கி?"

"யாருக்கும் வேண்டாத கடிதம்னு நிக்குது."

"அப்பன் செத்த சேதி மவனுக்கு வேண்டாமா? என்ன பேசுதீய நீங்க?"

"கோவப்படாதீங்க. சல்லடைக்கு நம்ம மனசு தெரியாது. கடல் தாண்டறதத்தான் நிறுத்தும், ஆனா ஊருக்குள்ள வர்ற கடிதத்தையும் நாம என்ன செய்றோம்னு பாத்துப் பாத்துத்தான் கத்துக்கும். இந்த மாதிரி சாவுச் சேதி மட்டும் லட்சக்கணக்குல பாத்திருக்கு. என்ன நடக்குது தெரியுமா? திறக்கறாங்க. அரை நிமிஷம் படிக்கறாங்க. உடனே அழிச்சிடறாங்க. அதோட விடல, குப்பைத் தொட்டிக்குள்ள போய் அங்கேருந்தும் அழிக்கறாங்க. மோசடிக் கடிதத்தக்கூட யாரும் அப்படித் துடைச்சு எடுக்கறதில்ல. இதவிட வெறுப்பான கடிதம் உலகத்துல இல்லன்னு அது முடிவு பண்ணிடுச்சு. எனக்கே ரொம்ப நாளாப் புரியல. ஏன்க்கா அப்படிச் செய்றாங்க?"

செண்பகக்கனிக்குப் பதில் தெரிந்திருந்தது.

"துட்டிக் காயிதத்த வீட்டுல வைக்கக் கூடாதுல்லா தம்பி," என்றாள்.

"அப்படின்னா?"

"சாவுச் சேதியோ கருமாதிப் பத்திரிகையோ வந்தா வாசல்ல நின்னே படிச்சிட்டு அங்கனயே கிழிச்சிப் போட்டுருவோம். நடை தாண்டி உள்ள கொண்டு வர மாட்டோம். வீட்டுல கெடந்தா இன்னொரு துட்டி வரும்பாவ. இப்ப எல்லாம் போன்லதான வருது, அதனால படிச்சதும் அழிச்சிருவோம்." அவள் குரல் இறங்கியது. "போன வாரங்கூட எங்க பெரியம்மா போன சேதி வந்துச்சு. படிச்சேன், அழிச்சேன், தொட்டிக்குள்ள போயியும் அழிச்சேன். கையக்கூடக் கழுவுனேன். போன வச்சிருந்த கைய."

"எங்க வீடுகள்ல இந்த வழக்கம் இல்லக்கா. அதான் எனக்குத் தோணல."

"அப்ப வெறுப்புன்னு அதுக்கு நாங்களேதாம் சொல்லிக் குடுத்திருக்கோம்."

ஞானப்பிரகாசத்தின் பதினோரு கடிதங்களும் அவள் நினைவுக்கு வந்தன. எத்தனை வருடம், எத்தனை துட்டிகள், ஒவ்வொன்றையும் அவளே பயபக்தியோடு துடைத்திருக்கிறாள்.

"தம்பி, ஒங்க கையால இந்த ஒண்ண மட்டும் தள்ளி விடுங்களேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"முடியும். ஆனா மனுஷன் கை பட்டா அது தணிக்கைக்குப் போகும், மூணு நாள் ஆகும். எங்கள யாரும் நம்பறதில்லக்கா, சல்லடையத்தான் நம்பறாங்க."

"பெறகு எதத்தாம் அது உடனே விடும்? ஒண்ணு சொல்லுங்க. எத விடும்?"

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. அவன் எழுந்து எங்கேயோ தள்ளிப் போய் நின்று பேசுவது தெரிந்தது.

"நான் சொன்னேன்னு வெளியில வரக் கூடாது. கல்யாணப் பத்திரிகை."

"என்னது?"

"கல்யாணப் பத்திரிகைய யாரும் அழிக்கறதே இல்ல. மூணு வருஷம் ஆனாலும் அப்படியே வச்சிருக்காங்க. நாலஞ்சு தடவ திறந்து திறந்து பாக்கறாங்க. சல்லடைக்கு அதவிட ஒசந்த கடிதம் கிடையாது. வீட்டுலேருந்து வந்த பத்திரிகைன்னா மணியடிச்சு, எல்லாத்துக்கும் மேல வச்சுக் குடுக்கும். ஆனா சுத்தமான பத்திரிகையா இருக்கணும். உள்ள ஒரு வார்த்தை பிசகினாலும் கண்டுபிடிச்சிடும். முக்கியமா 'காலஞ்சென்ற'ன்னு ஒரு சொல் வரவே கூடாது. அது வந்தா முடிஞ்சுது."

போனை வைத்துவிட்டு அவள் பத்து நிமிடம் அறைக்குள் நடந்தாள். சாவு வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகையா? யாராவது கேட்டால் காறித் துப்புவார்கள். அந்தப் பையன் பட்டுப்புடவையும் செண்டு பாட்டிலும் வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக வந்து இறங்குவான். ஆனால் வராமல் இருப்பதற்கு, சிரித்துக்கொண்டாவது வரட்டும். மணி பன்னிரண்டே கால். முப்பிடாதியைக் கூப்பிட்டாள்.

சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"யார் கல்யாணம்?" என்றாள் முப்பிடாதி.

"ஒன் கல்யாணம்தாம் போடணும். வேற யாரு இருக்கா?"

"போடுங்க."

"தேதி வெள்ளிக்கிழமைன்னு போடுதேன். மாப்பிள்ளைக்கு லீவு இல்ல, அவசரமா முடிக்கோம்னு ஒரு வரி. மாப்பிள்ள பேரு ஏதாவது ஒண்ணு..."

"செந்தூரப்பாண்டியன்னு போடுங்க," என்றாள் முப்பிடாதி, யோசிக்காமல். செண்பகக்கனி யார் என்று கேட்கவில்லை. கேட்கிற நாளா அது?

"அம்மா பேரு?"

"அம்மா போயித்தாம் பதினோரு வருசமாச்சே. 'காலஞ்சென்ற' இல்லாம எப்படிப் போட? விட்டிருங்க."

"அப்ப கீழ யாரு பேரு போட? பெரியப்பா பேரு போடட்டா?"

"அப்பா இருக்கும்போது பெரியப்பா பேரு போட்டா அவன் நம்ப மாட்டான்க்கா," என்றாள் முப்பிடாதி. பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அதுவரை காத்த நிதானம் உடைந்து, அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழும் சத்தம் கேட்டது. "அப்பா பேரே போடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

செண்பகக்கனி தட்டினாள். 'நிகழும் ஆனந்த வருடம் வைகாசி மாதம்' என்று தொடங்கும்போதே வருடத்தின் பெயர் அவளைக் கேலி செய்தது. சுபயோக சுபதினம் என்றாள். எங்கள் குமாரத்தி திருநிறைச்செல்வி முப்பிடாதி என்றாள். சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள என்றாள். நூறு முறை படித்த வாசகம், விரல் தானாக ஓடியது. கடைசி வரிக்கு வந்தபோது விரல் நின்றுவிட்டது. ஐஸ் பெட்டிக்குள் மூக்கில் பஞ்சோடு படுத்திருக்கிற மனுஷன் ஊரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார். 'மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி' என்று முணுமுணுத்துவிட்டு, 'தங்கள் நல்வரவை விரும்பும் ஆறுமுகநயினார்' என்று முடித்தாள். முப்பிடாதியின் பெயரில், வீட்டு முகவரியிலிருந்து அனுப்பினாள்.

பச்சை. கண்ணிமைக்கும் நேரத்தில் பச்சை. கூடவே திரையில் ஒரு குத்துவிளக்கு வேறு ஆடியது. அவளுக்கு அந்தத் திரையை உடைக்க வேண்டும் போலிருந்தது.

மணி ஒன்று. ஒன்று பத்து. டீ வாங்கி வைத்து ஆற விட்டாள். பையன் தூங்கிக்கொண்டிருந்தால்? எஞ்சின் ரூமில் இருந்தால்? கேப்டன் விட மாட்டேன் என்றால்? ஒன்று நாற்பதுக்கு எழுந்து படி வரை போய்விட்டுத் திரும்பினாள். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு ஏஜென்சிக்கே பதில் வந்தது.

'பத்திரிகை கிடைத்தது. கேப்டன் விட்டுவிட்டார், படகுக்குக் காத்திருக்கிறேன். நாளைக் காலை வந்துவிடுவேன். நான் வரும்வரை எதையும் தொடங்க வேண்டாம். அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

செண்பகக்கனி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறானே பாவி! கல்யாண வேலையில் அலைந்து உடம்புக்கு வந்துவிடப் போகிறது என்ற கவலை. அழுகை வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டையும் ஒன்றாகத்தான் அனுபவித்தாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு வாகைக்குளம் விமான நிலையத்தில் அவளும் முப்பிடாதியும் நின்றார்கள். துட்டி வீட்டுப் பெண் வாசல் தாண்டக் கூடாது என்று பெரியப்பா கத்தியிருக்கிறார். "பொய் என் பேர்ல போயிருக்கு, அத நான்தாம் அவன்ட்ட ஒடைக்கணும்," என்று முப்பிடாதி காரில் ஏறிவிட்டாள். முகம் கழுவி, தலை வாரி, ஒரு பச்சை நூல் புடவை கட்டியிருந்தாள். தூரத்திலிருந்தே தெரிந்துவிடக் கூடாதாம்.

"இங்கயே சொல்லிருவோமாக்கா? இல்ல வீட்டுக்குப் போயா?"

"இங்கயே சொல்லிருவோம். தெருவுல பந்தல் கெடக்கு. கல்யாணப் பந்தல்னு நெனச்சி எறங்கிட்டாம்னா நம்மால தாங்க முடியாது."

வழியெல்லாம் செண்பகக்கனி வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். முதலில் தோளைப் பிடிக்க வேண்டும், பிறகு 'எய்யா, ஒண்ணு சொல்லுதேன், தைரியமா இருக்கணும்' என்று தொடங்க வேண்டும். வேறு வழி தெரியாமல் செய்தோம் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். கண்ணாடிக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதல் வாக்கியத்தை மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வெயிலுமுத்து வெளியே வந்தான். பட்டுப்புடவைப் பெட்டி இல்லை, செண்டு பாட்டில் இல்லை. தோளில் ஒரே ஒரு பை. சட்டையை மாற்றக்கூட இல்லை. தாடி முளைத்த முகம், வீங்கிய கண்கள். தரையைப் பார்த்தபடி நடந்து வந்தான். இவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் என்று செண்பகக்கனிக்குப் பட்டது. யார் பெற்ற பிள்ளையோ சொல்லியிருக்கிறது, நல்லாயிருக்கட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டாள். அந்த வாக்கியங்களை இனி அவள் சொல்ல வேண்டியதில்லை.

அவன் தலையை நிமிர்த்தினான். தங்கையைப் பார்த்தான்.

அப்படியே நின்றுவிட்டான். பின்னால் வந்த தள்ளுவண்டி குதிகாலில் இடித்தது, அவன் திரும்பவில்லை. பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. ஓடி வந்து, முப்பிடாதியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தான். நெற்றியை, கன்னத்தை, காதை ஒவ்வொன்றாகத் தொட்டான்.

"ஏட்டி... நீ இருக்கியா? உசுரோட இருக்கியாட்டி?"

"என்னண்ணே சொல்லுத?"

"பத்திரிகை வந்துச்சேட்டி, ஒன் பேரு போட்டு!" அவன் அழுதுகொண்டே சிரித்தான். பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு வருசமா கப்பலுக்குக் கல்யாணப் பத்திரிகைன்னு வந்தா துட்டின்னுதாம் அர்த்தம். துட்டிச் சேதிய சல்லடை விட மாட்டேங்கில்லா, அதான் வெளியூர்லயெல்லாம் இப்படி அனுப்புதாவ. நம்ம வீட்டுப் பிள்ள பேரு எது போட்டிருக்கோ, அவிய போயிட்டாவன்னு எடுத்துக்கிடணும். எங்க கப்பல்லயே வேற ஏஜென்சி ஆளுவ மூணு பேருக்கு வந்துச்சு. கேப்டனுக்கே தெரியும், பத்திரிகையப் பாத்ததும் கையெழுத்துப் போட்டுட்டாரு. நேத்து மத்தியானத்துலேருந்து நான் ஒனக்காவ அழுதுட்டு வாறேன்ட்டி!"

முப்பிடாதி அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் செண்பகக்கனியின் பக்கம் திரும்பினான். அவ்வளவு சந்தோஷமான ஒரு மனித முகத்தை அவள் தன் ஆயுளில் பார்த்ததில்லை.

"அக்கா, அப்ப நெசமாவே கல்யாணமா? இது நெசப் பத்திரிகையா? யாருக்கா அந்தச் செந்தூரப்பாண்டியன்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்தான். "கீழ அப்பா பேரு இருந்துச்சு, அத வச்சித்தாம் மனசத் தேத்திக்கிட்டேன். அவராவது இருக்காவ, மவளத் தூக்கிக் குடுத்துட்டு ஒத்தையில கெடப்பாவளே, நான் போய்ப் பக்கத்துல இருக்கணும்னு ஓடியாந்தேன். எங்க அவிய, வண்டியில இருக்காவளா?"

தங்கையின் தோளில் ஒரு கையைப் போட்டபடி, அவன் கார்கள் நின்ற பக்கம் எக்கி எக்கிப் பார்த்தான்.